வெயில் ஏறமுன் பார்த்துவிட வேண்டியவை: விடுமுறைப் பயணம், கேள்வி – பதில்

ஏப்ரல் விடுமுறைக்குச் சின்னப் பிள்ளைகளைச் சரித்திர இடங்களுக்குக் கூட்டிப்போவது பற்றி வந்த கடிதங்களில், பலருக்கும் பொதுவான கேள்விகளை எடுத்துக்கொண்டோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்திருக்கிறோம்.

மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு மூன்றரை. விடிய நாலு மணிக்கு வேனில் வெளிக்கிட்டு, சீகிரியா ஏறி, தம்புள்ளைக் குகைக் கோயிலும் பார்த்து, அன்றிரவே வீடு திரும்பலாம் என்கிறார் கணவர். ஏலுமா? பாறையில் குளவிக் கூடு இருக்கிறதாமே, பயமில்லையா?
— ஒரு தாய், வெள்ளவத்தை

பெரியவர்களுக்கு ஏலும். உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் ஏலாது. ஏன் என்று கணக்குப் பார்ப்போம்.

அம்பேபுஸ்ஸ, குருநாகல், தம்புள்ளை, இனாமலுவை வழியாகக் கிட்டத்தட்ட 170 கிலோமீற்றர். நாலு மணிக்குப் புறப்பட்டாலும் ஒரு தேத்தண்ணி, இரண்டு 'அம்மா, ஒண்ணுக்கு' என்று நின்று போய்ச் சேர ஒன்பது மணியாகும். கொழும்பிலிருந்து அதே நேரத்தில் புறப்பட்ட மற்ற வேன்களும் அப்போதுதான் வந்து நிற்கும். சுமார் 1,200 படிகள். ஏழு வயதுப் பிள்ளை நின்று நின்று ஏற ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். சித்திரங்களுக்குப் போகும் சுருள் படிக்கட்டில் வரிசை நின்றால் இரண்டு. ஆக, நிழலே இல்லாத உச்சிக்கு நீங்கள் போய்ச் சேருவது பதினொரு மணிக்கு. ஏப்ரல் 5 முதல் 15 வரை இலங்கைக்கு நேர் மேலே சூரியன் உச்சம் கொடுக்கிறது என்று வளிமண்டலவியல் திணைக்களம் வருஷாவருஷம் சொல்வது இந்த நாட்களைத்தான். நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும், கல் கீழிருந்து சுடும். ஒருவாறு இறங்கிச் சாப்பிட்டுத் தம்புள்ளைக்கு வந்தால் பின்னேர இடிமழை தொடங்கும் நேரம். அங்கேயும் மலைதான் ஏற வேண்டும், கோயில் முற்றத்தில் வெறுங்கால்.

ஆகவே முதல் நாள் பின்னேரமே போய்த் தம்புள்ளையிலோ ஹபரணையிலோ தங்குங்கள். காலையில் டிக்கெட் கவுண்டர் திறக்கும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும். பத்து மணிக்குள் இறங்கிவிடலாம். தம்புள்ளையை வேறொரு பயணத்துக்கு விடுங்கள்.

மூன்றரை வயது மகளை மேலே கொண்டுபோகாமல் இருப்பதே எங்கள் யோசனை. ஒருவர் மகனோடு ஏற, மற்றவர் மகளோடு கீழே நீர்த் தோட்டத்திலும் பாறைத் தோட்டத்திலும் நிற்கலாம். குறைந்த இடமென்று நினைக்க வேண்டாம். 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் காலத்தில் அமைத்த நீரூற்றுகள் அங்கே இருக்கின்றன. துளை போட்ட வட்டக் கல், கீழே வாய்க்கால், உயரத்திலிருந்து வரும் தண்ணீரின் அழுத்தத்திலேயே ஊற்று எழும். மழைக்காலத்தில் இன்றும் எழுகிறது. மூன்றரை வயதுக்குச் சித்திரப் பெண்களைவிடத் துளையிலிருந்து கொப்பளிக்கும் தண்ணீர் பெரிது.

எல்லோரும் ஏறுவதென்றே முடிவானால், சிங்கப் பாத முற்றத்தோடு நிறுத்தலாம் என்று முதலே பேசிவையுங்கள். அதற்கு மேலே பாறையோடு பொருத்திய இரும்புப் படி. காற்று பிடுங்கும், படியின் இடைவெளியால் கீழே பாதாளம் தெரியும். பிள்ளைகள் பயந்து உறைவது அங்கேதான், பின்னால் வரிசை நிற்பதால் திரும்பவும் முடியாது. மகன் ஏறுவதானால் ஏறும்போது அவன் முன்னே, நீங்கள் ஒரு படி பின்னே. இறங்கும்போது நீங்கள் முன்னே, அவன் பின்னே. எப்போதும் பெரியவர் பள்ளப் பக்கம். சின்னவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு எந்தப் படியிலும் போக வேண்டாம். அவளுடைய பாரம் உங்கள் தலைக்கு மேலே இருக்கும். ஒரு தடுமாற்றம் போதும்.

குளவி பற்றியும் கேட்டிருந்தீர்கள். பாறை முகத்தில் பெரிய கூடுகள் தொங்குவது உண்மை. சத்தம், கூவல், கல்லெறிதல் மூன்றுக்கும் தடை அதனால்தான். காவலர் 'இன்று மேலே விட ஏலாது' என்றால் வாதாட வேண்டாம். கிளம்பிவிட்டால் கையை வீசாமல், துவாயால் பிள்ளையின் தலையையும் முகத்தையும் மூடி, படியில் ஓடாமல், காவலர் காட்டும் பக்கம் நடந்து விலகுங்கள். தோலில் கொடுக்கு நின்றால் நகத்தால் உடனே வழித்தெடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நிமிடமும் பிந்தக் கூடாது.

மேலே கழிப்பறை இல்லை, தண்ணீர் விற்பனையும் இல்லை. இறங்கும் வழி வேறொரு பக்கத்தில் கொண்டுபோய் விடும், வேன்காரரிடம் எங்கே நிற்பதென்று முன்பே சொல்லிவையுங்கள். களைத்த பிள்ளைகளோடு வேனைத் தேடி அலைந்தால் அதுவரை பார்த்ததெல்லாம் மறந்துபோகும்.

பிள்ளைகளுக்கு எட்டு, ஆறு வயது. பொலன்னறுவைக்குப் போனால் 'எல்லாம் உடைஞ்ச கல்தானே அப்பா' என்று அரை மணியில் வேனுக்குத் திரும்பிவிடுகிறார்கள். எப்படிக் காட்டுவது?
— ஒரு தந்தை, கொட்டாஞ்சேனை

அவர்கள் சொல்வதில் தப்பில்லை. இருபது இடிபாடுகளை வரிசையாகக் காட்டினால் பெரியவர்களும் அதைத்தான் நினைப்பார்கள், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். நாலு இடம் போதும். அவையும் இந்த ஒழுங்கில்.

முதலில் வடக்கே கல் விகாரை, காலை ஏழரை, எட்டுக்குள். சிலைகளுக்குக் கிட்டப் போகப் பாதணி கழற்ற வேண்டும். அந்த நேரம் பாறை இன்னும் குளிர்ந்திருக்கும். 12ஆம் நூற்றாண்டில், முதலாம் பராக்கிரமபாகு காலத்தில், ஒரே பாறையில் செதுக்கியவை. சாய்ந்திருக்கும் சிலை சுமார் 14 மீற்றர் நீளம். தலையணையைப் பார்க்கச் சொல்லுங்கள்: தலை அழுத்திய இடம் உள்ளே போயிருக்கும், கல்லிலே. ஆறு வயதுக்கு அது ஒன்றே போதும்.

அடுத்து இரண்டாம் சிவ தேவாலயம். பொலன்னறுவையில் இன்று முழுசாக நிற்கும் கட்டடங்களில் பழையவற்றில் ஒன்று, 11ஆம் நூற்றாண்டுச் சோழர் கட்டியது. அடி முதல் விமானம் வரை கல். கல்வெட்டில் இதன் பெயர் வானவன்மாதேவி ஈஸ்வரம். சுவரில் தமிழ் எழுத்து ஓடும். உங்கள் பிள்ளைகள் தமிழ் மொழிமூலமென்றால் இங்கே ஒரு வேலை கொடுங்கள்: தெரிந்த எழுத்து எத்தனை கண்டுபிடிக்கலாம்? ட, ப, ம போன்ற சில இன்றைய வடிவத்துக்குக் கிட்ட இருக்கும். புள்ளி மட்டும் பெரும்பாலும் இருக்காது, 'ப'வா 'ப்'பா என்று வாசிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்துப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். கல்லில் சோக்குப் பூசுவது, மா தூவுவது, விரலால் தேய்ப்பது கூடாது. ஆயிரம் வருஷம் மழையில் கரையாதது நம் கை எண்ணெயில் கரையும்.

ஒரு சின்ன நுணுக்கம். கல்வெட்டு நன்றாகத் தெரிவது காலையிலும் மாலையிலும், வெயில் சரிந்து விழும்போது. அப்போதுதான் ஒவ்வொரு கீறலிலும் நிழல் நிற்கும். உச்சி வெயிலில் நிழல் போய்விடும், சுவர் வெறும் சுவராகத் தெரியும். மத்தியானம் போய் 'எழுத்தைக் காணவில்லை' என்று திரும்புகிறவர்கள் நிறையப்பேர்.

மூன்றாவது தளதா மலுவ எனும் சதுர முற்றம். அங்கே கல்பொத்த என்ற கல் புத்தகம், 8 மீற்றருக்கும் சற்றுக் கூடிய நீளம், சுமார் 25 தொன். நிஸ்ஸங்கமல்லன் (1187–1196) மிஹிந்தலையிலிருந்து கொண்டுவந்து வைத்தது. பிள்ளைகளைக் காலடியால் அளக்க விடுங்கள். பிறகு, லொறி இல்லாத காலத்தில் எப்படி இழுத்திருப்பார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். அதே முற்றத்தில், பழைய தந்தத் தாதுக் கோயிலான அட்டதாகேயின் பக்கத்தில் நிற்பது வேளைக்காரர் கல்வெட்டு. புத்தரின் தந்தத் தாதுவைக் காப்போம் என்று தமிழ்ப் படையினர் தமிழில் பொறித்த வாக்கு. எட்டு வயதுக்காரருக்கு இது விளங்கும்.

நாலாவது, ஏரிக்கரை. பராக்கிரம சமுத்திரக் காற்றில் சாப்பாடு. இடிபாடுகள் வடக்குத் தெற்காகச் சில கிலோமீற்றருக்குப் பரந்து கிடப்பதால் வாடகைச் சைக்கிள் ஆசை வரும். எட்டு வயதுக்காரர் ஓட்டுவார், ஆறு வயதுக்காரரைப் பின்னால் வைத்துப் பெரியவர் ஓட்டக் காரியரில் சரியான ஆசனமும் கால் மிதியும் வேண்டும். இல்லையென்றால் குதிக்கால் சில்லுக் கம்பிக்குள் போகும். வேனிலேயே போங்கள்.

நெடும் பயணமென்றால் மகள் (5 வயது) வாந்தி எடுக்காத நாளில்லை. என்ன செய்யலாம்?
— வத்தளை வாசகி

வண்டி வளைவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்கிறது, கண்ணோ அசையாத ஆசனத்தின் முதுகையோ போனையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். அதனால் முதல் மருந்து போனை வாங்கி வைப்பது. இரண்டாவது, நடு வரிசையில், முன் கண்ணாடியால் தூரத்து வீதி தெரியும் இடத்தில், பெல்ட்டோடு இருத்துவது. வேனின் பின் வரிசைதான் கூடத் தூக்கிப் போடும். பிள்ளைகளை அங்கே தள்ளிவிடுவது நம் பழக்கம்.

விடிய எழுப்பி 'வெறும் வயிற்றில் போகக் கூடாது' என்று ஒரு கப் பால் கொடுப்பதும் நம் பழக்கம். வேண்டாம். இரண்டு மாரி பிஸ்கட், கொஞ்சம் வெறும் தண்ணீர். பிறகு ஒன்றரை மணிக்கு ஒருமுறை இறங்கிப் பத்து நிமிடம் நடை. வேனுக்குள் தொங்கும் வாசனை அட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். வாந்தி மருந்து கொடுப்பதானால் மருத்துவர் எடை பார்த்துச் சொன்ன அளவு, சொன்ன நேரம் முன்னதாக. அக்காவின் மருந்தில் அரைவாசி என்ற கணக்கு ஆபத்து.

அநுராதபுரத்துக்கு அம்மம்மாவோடும் ஐந்து மாதக் குழந்தையோடும் போகிறோம். வெறுங்காலில் சூடு தாங்குமா? என்ன உடுப்பு?
— தெஹிவளை

ஒன்பது மணிக்கு முன் தாங்கும். பதினொன்றிலிருந்து மூன்று வரை ருவன்வெலிசாய முற்றத்துக் கல்லில் பெரியவர்களே குதித்துக் குதித்துத்தான் போவார்கள். தடித்த பருத்திச் சொக்ஸ் போடலாம், தடை இல்லை. நைலோன் வேண்டாம், வழுக்கும். ஆளுக்கு இரண்டு சோடி எடுங்கள்.

அதைவிட அடிக்கடி நடக்கிற கரைச்சல் வேறு: ஒரு வாசலில் பாதணியைக் கழற்றிவைத்து மறு வாசலால் வெளியே வருவது. பிறகு பிள்ளை தார் வீதியில் வெறுங்காலோடு நிற்கும். ஒரு துணிப் பையில் எல்லோர் செருப்பையும் போட்டுக் கையோடு கொண்டுபோனால் தீர்ந்தது.

தோளும் முழங்காலும் மூடிய, வெளிர் நிறப் பருத்தி உடுப்பு. புனித இடத்துக்குள் தொப்பி கழற்ற வேண்டும். ஆகவே பிள்ளையின் தலைக்கு வெயில் படாத நேரமாகப் போவதே வழி. புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்க வேண்டாம், பிள்ளையை நிறுத்தியும்தான்.

ஐந்து மாதக் குழந்தைக்குத் தண்ணீரோ இளநீரோ கொடுக்கக் கூடாது, தாய்ப்பால் மட்டும். ஆனால் வழக்கத்தைவிட அடிக்கடி. முன்பக்கம் கட்டும் பையில் குழந்தையும் தாயும் ஒருவர் சூட்டை ஒருவர் ஏற்றிக்கொள்வார்கள், அரை மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் வையுங்கள். வாகனத்தில் 'தூங்குது, விட்டிட்டு வாறன்' என்ற பேச்சே வேண்டாம். மூடிய வேன் சில நிமிடங்களில் அடுப்பாகும்.

அம்மம்மாவுக்கு முழங்கால் நோவென்றால் ஸ்ரீ மகாபோதியும் ருவன்வெலிசாயவும் போதும். ஜேதவனராமய தாதுகோபப் பக்கத்தை வேனிலிருந்தபடியே காட்டலாம். முதலில் 122 மீற்றர் உயரம், ஒன்பது கோடிக்கு மேல் செங்கல் என்று மதிப்பீடு. பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கைச் சொல்லும் வேலையை அவரிடமே விடுங்கள்.

காலிக் கோட்டைக்கு ரயிலில் போகலாமா? பிள்ளைகள் மூன்று பேர், மூத்தவனுக்கு ஒன்பது.
— பம்பலப்பிட்டி

தாராளமாக. போகும்போது வலப்பக்க ஆசனம், கடல் அந்தப் பக்கம். நிலையத்திலிருந்து கோட்டை நடை தூரம்.

மதில்தான் கவனம். நடக்க அகலமாக இருந்தாலும் கடல் பக்கம் பெரும்பாலும் வேலி கிடையாது, கீழே பாறை. மூன்று பிள்ளைக்கு இரண்டு பெரியவரென்றால் மதில் மேல் ஓட்டப் போட்டி இல்லை என்று நிலையத்திலேயே சொல்லிவிடுங்கள். பின்னேரம் நாலரைக்குப் பிறகு ஏறினால் கல் ஆறியிருக்கும், ஆனால் சூரியன் மறையும் நேரத்துக் கூட்டத்தில் சின்னவனின் கையை விட வேண்டாம்.

பழைய வாசலின் உட்பக்கம் நின்று மேலே பார்க்கச் சொல்லுங்கள். 1669 என்ற ஆண்டு, இரண்டு சிங்கம், டச்சுக் கம்பனியின் எழுத்துச் சின்னம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சேவல். வெளிப்பக்கம் போனால் ஆங்கிலேயர் சின்னம். ஒரே வாசல், உள்ளே ஒரு ஆட்சி, வெளியே ஒரு ஆட்சி. சேவலை முதலில் கண்டவருக்கு ஐஸ்கிறீம் என்றால் மூன்று பேரும் அண்ணாந்து நிற்பார்கள்.

வாகனம் இல்லை, அரை நாள்தான் இருக்கிறது. கொழும்புக்குள்ளேயே ஏதாவது?
— கொள்ளுப்பிட்டி

தேசிய அருங்காட்சியகம். 1877இல் திறந்தது. காலை ஒன்பதுக்குப் போய் ஒன்றரை மணியில் வெளியே வாருங்கள். உள்ளே மூன்றே மூன்று: கண்டி அரசரின் சிம்மாசனம், பொலன்னறுவையில் கிடைத்த வெண்கல நடராசர், காலி மும்மொழிக் கல்வெட்டு. கடைசியை அவசரப்படாமல் பாருங்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்த கல். 1409ஆம் ஆண்டு பொறித்தது. 1911இல் காலியில் கிடைத்தது. சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும், தமிழில் தெவிநுவரையில் கோயில் கொண்ட தேனாவரை நாயனாருக்கும் காணிக்கை. எந்தப் பக்கம் நம் எழுத்து என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

பிறகு எதிரே விகாரமகாதேவிப் பூங்காவில் ஓடி விளையாட விடுங்கள். நேரமிருந்தால் ஓட்டோவில் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரம். முழுக்கக் கருங்கல், பொன்னம்பலம் இராமநாதன் திருப்பணி செய்தது. நடை சாத்தும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

கனடாவிலிருந்து தம்பி குடும்பம் வருகிறது. டிக்கெட் எல்லோருக்கும் ஒன்றுதானா?
— வெள்ளவத்தை

இல்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குப் பல மடங்கு. உங்களவர்கள் தேசிய அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். தமிழ் பேசுவதும் முகச்சாயலும் கவுண்டரில் செல்லாது. வரிசையில் நின்று வாதாடும் அரை மணியில் வெயில் ஏறிவிடும்.

கட்டுச்சோறு கொண்டுபோனால் குரங்கு விடுமா? வேறு என்ன எடுக்க வேண்டும்?
— மட்டக்குளி

தம்புள்ளையிலும் பொலன்னறுவையிலும் விடாது. அதற்குத் தெரிந்தது பொலித்தீன் சரசரப்பு. சாப்பாட்டை வேனுக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றுங்கள், பையைத் தோளில் கொழுவாதீர்கள், பிள்ளையின் கையில் வாழைப்பழமோ ரோல்ஸோ இருக்கக் கூடாது. பறித்தால் விட்டுவிடச் சொல்லிக்கொடுங்கள். பல்லைக் காட்டிச் சிரிப்பது அதற்கு மிரட்டல். கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரி. சின்னக் கீறலென்று விட வேண்டாம்.

கட்டுச்சோற்றுக்குப் புளிச்சாதம் மத்தியானம் வரை நிற்கும், தேங்காய்ப்பால் சேர்ந்த கறி நிற்காது. நாலு பேருக்குக் காலைப் பொழுதுக்கே 4 லீட்டர் தண்ணீர். தாகம் வரட்டும் என்று இருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து மிடறு குடிக்கப் பண்ணுங்கள். பிள்ளை சலம் போய் நாலைந்து மணியாகிவிட்டதென்றால் தண்ணீர் போதவில்லை.

ஜீவனிப் பொட்டலம் (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு–குளுக்கோஸ் தூள்) இரண்டு எடுங்கள். 1 லீட்டருக்கான பொட்டலத்தை முழுசாக 1 லீட்டர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். 'அரைப் போத்தல்தான் இருக்கு' என்று கண்மட்டத்துக்குப் பாதியைக் கொட்டினால் உப்பு எவ்வளவு விழுந்தது, குளுக்கோஸ் எவ்வளவு விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. கரைத்ததில் மிஞ்சியதை 24 மணிக்குப் பிறகு ஊற்றிவிடுங்கள். ஒரு லீட்டர் போத்தலில் தண்ணீர் மட்டம் எதுவரை என்று வீட்டிலேயே அளந்து பேனாவால் கோடு போட்டுக்கொண்டால் வழியில் அளவுக்கு அலைய வேண்டியதில்லை.